சாம்பல் கோடும் சிவப்புக் கோடும்

தம்பி, தவறாக நினைக்க வேண்டாம். பாளையங்கோட்டையில் ஏறியதிலிருந்து உங்கள் மடியைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறேன். அடுத்தவர் கணினியை எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. பேருந்தில் யாரிடமும் நானாகப் பேச்சுக் கொடுத்ததும் கிடையாது. ஆனால் அந்தத் திரையில் அலை அலையாக ஓடுகிறதே, அது எனக்குத் தெரிந்த படம். பாட்டுப் பதிவுதானே? எங்கள் வீட்டிலும் அதே மென்பொருள்தான். காசில்லாமல் கிடைப்பது.

சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். காதில் மாட்டியிருக்கிற ஹெட்ஃபோனைக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், கொஞ்சம் பேசலாம். மெதுவாகத்தான் பேசுவேன். முன்னால் பெண்கள் இருக்கையில், ஜன்னலோரம், பச்சைச் சேலை தெரிகிறதா? பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருக்கிறதே, அந்த இருக்கை. அவள்தான் என் வீட்டுக்காரி. கிருபாவதி என்று பெயர். அவள் காதில் இது விழ வேண்டாம்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதைக் கேட்பதற்கு முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

எனக்கு ஆறுமுகநேரிப் பக்கம் ஒரு உப்பளத்தில் எடைமேடை வேலையாக இருந்தது. லாரி வெறுமையாக வரும்போது ஒரு எடை, உப்பை ஏற்றிக்கொண்டு போகும்போது ஒரு எடை. இரண்டு சீட்டையும் சேர்த்துக் குத்தி வைக்க வேண்டும். வெற்று எடைச் சீட்டு தொலைந்துவிட்டால் உள்ளே உப்பு எவ்வளவு இருக்கிறது என்று முதலாளி வந்தாலும் சொல்ல முடியாது. நான் இருந்த வரைக்கும் ஒரு சீட்டு தொலைந்ததில்லை. மற்றவர்கள் "செல்வதாஸ் முள்ளு" என்று கேலி செய்வார்கள். தராசு முள். இருந்துவிட்டுப் போகட்டும். பிசகு என்றால் எனக்கு ஆகாது. நாளெல்லாம் லாரி இரைச்சலில் நின்று காதுதான் கொஞ்சம் மந்தமாகிவிட்டது. மற்றபடி குறையில்லை.

கிருபா பாடுவாள். பாட்டுக்காரி இல்லை, எங்கேயும் படித்தவள் இல்லை. தண்ணீர் பிடிக்கும்போது பாடுவாள், மீன் ஆயும்போது பாடுவாள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவாள். எங்கள் மகள் பெர்சிஸ் பிறந்தபோது உப்பளத்துக் குடியிருப்பில் இருந்தோம். காற்று சுவரை இடித்துவிடுகிற மாதிரி வீசும். பிள்ளை பயந்து அழும். அப்போது இவளாகவே ஒரு தாலாட்டுக் கட்டினாள்.

"உப்புக்காத்தே ஓரமாப் போ, என்
ஒத்தமணி கண்ணசரட்டும்..."

அவ்வளவுதான். இதையே திருப்பித் திருப்பி, நடுவில் என்னென்னவோ சேர்த்துக்கொண்டு பாடுவாள். நான் வேலை முடிந்து வருவேன். பாட்டுக் கேட்டால் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு வெளியிலேயே நிற்பேன். உள்ளே போனால் பாட்டை நிறுத்திவிட்டுச் சோறு எடுத்து வைக்க எழுந்துவிடுவாள். அதனால் முடியட்டும் என்று நிற்பேன். மழைக்கும் நின்றிருக்கிறேன்.

இல்லை தம்பி, சொன்னதில்லை. அதையெல்லாம் எப்படிச் சொல்வது? பெண்டாட்டியிடம் போய் நீ நன்றாகப் பாடுகிறாய் என்றா? முப்பத்தெட்டு வருடமாக ஒரு வீட்டில் இருக்கிறோம். அவளுக்குத் தெரியாதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெர்சிஸ் மஸ்கட்டில் இருக்கிறாள். போன லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலத்தில், அவளுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. பிள்ளை தூங்கவே மாட்டேன் என்கிறது. ஒருநாள் பேசும்போது, "அப்பா, அம்மா பாடுற உப்புக்காத்துப் பாட்டை எடுத்து அனுப்புங்க, போட்டு விட்டாலாவது தூங்குதான்னு பாக்கேன்" என்றாள்.

கிருபா, "என்னத்துக்குப் பதிவெல்லாம்? ஃபோன்லயே பாடிருவேன்" என்றாள்.

"ஃபோன்ல வெட்டி வெட்டிக் கேக்குன்னு சொல்லுதாள்லா. செய்யதை ஒழுங்காச் செய்வோம்" என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊர் குரும்பூரில் டைட்டஸ் என்று ஒரு பையன், கல்யாண வீடுகளுக்கு மைக் செட் போடுகிறவன், வீட்டிலேயே பாட்டும் பதிவு செய்கிறான். அவனிடம் போனேன். அவன்தான் எல்லாம் சொல்லித் தந்தான். பெர்சிஸ் விட்டுப் போன பழைய கணினியே போதும் என்றான். "ஐயா, பெரிய ஸ்டுடியோக்காரன் காசு போட்டு வாங்குற ஒவ்வொரு பிளகினுக்கும் பதிலா ஒண்ணு இலவசமாக் கிடைக்கும். தேடுறதுக்குப் பொறுமைதான் வேணும்" என்றான். பொறுமை என்னிடம் இருக்கிறது. பிளகின் என்றால் உங்களுக்குத் தெரியும், பாட்டின் பின்னால் பொருத்துகிற சின்னச் சின்னக் கருவி. எனக்கு அதுகளின் இங்கிலீஷ் பெயர் வாயில் வராது. நிறத்தை வைத்து அடையாளம் வைத்துக்கொண்டேன்.

பச்சை, இரைச்சலை எடுக்கும். மின்விசிறிச் சத்தம், காக்கா, பக்கத்து வீட்டுக் குக்கர் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். அதற்கு முன்னால் ஒன்று இறக்கிப் பார்த்தேன், நிமிடத்துக்கு ஒரு தடவை தானாக 'கிர்'ரென்று ஒரு சத்தம் போட்டது. காசு கட்டினால்தான் நிற்குமாம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் பச்சையைப் பிடித்தேன். நீலம், சர்ச்சுக்குள் பாடுகிற மாதிரி முழக்கம் தரும். மஞ்சள், மேலே போகிற சத்தத்தையும் கீழே போகிற சத்தத்தையும் ஒரே மட்டமாக்கும். எல்லாம் இலவசம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்றைப் போட்டுப் பார்த்து, எது மேல் என்று பார்த்துத்தான் வைத்துக்கொண்டேன். டைட்டஸே, "ஐயா, எனக்கே இதெல்லாம் தெரியாது" என்றான்.

பதிவு ஒரு மத்தியானம் நடந்தது. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, மெத்தையைச் சுவரில் சாய்த்து, கிருபாவை நாற்காலியில் உட்கார வைத்தேன். மைக்கைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு. "ஊசி போடுத மாதிரி நிக்குதீய" என்றாள். சிரித்துக்கொண்டே பாடினாள். ஒரே தடவைதான். இரண்டாவது பாடச் சொன்னேன், "உலை கொதிக்கு" என்று எழுந்து போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் சிவப்பு.

சிவப்பு என்றால் சுருதி திருத்துகிற கருவி. உங்களுக்குத் தெரியும். காசுக்கு விற்பது எங்கேயோ இருக்கிறது, எட்டாத விலை. அதற்குப் பதிலாக ஒன்றைத் தேடினேன். நாலைந்து போட்டுப் பார்த்தேன். ஒன்றில் குரல் தகர டப்பா மாதிரி வந்தது. கடைசியில் அகப்பட்டது நல்ல கருவி. திரையில் ஒரு சாம்பல் கோடு வரும், சரியான சுருதி அது. அவள் பாடியது சிவப்புக் கோடு. எங்கே சிவப்பு, சாம்பலை விட்டு விலகுகிறதோ அங்கே பிசகு. காது மந்தமானவனுக்குக்கூடக் கண்ணால் தெரிந்துவிடும். அதுதான் அதிலுள்ள வசதி.

பார்த்தேன். தம்பி, எனக்கே நம்ப முடியவில்லை. நாற்பத்தொரு இடத்தில் விலகியிருந்தது. சில இடம் மயிரிழை, சில இடம் பெரிய விலகல். எல்லாவற்றையும்விடப் பெரிது 'கண்ணசரட்டும்' என்கிற இடம். சிவப்புக் கோடு அங்கே சரிந்து கீழே போய், கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்து, பிறகுதான் மேலே வருகிறது. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அதே பிசகு.

நாலு நாள் உட்கார்ந்தேன். ஒவ்வொரு இடமாக இழுத்து வைத்தேன். கடைசியில் சிவப்பு போய்ச் சாம்பலின் மேல் உட்கார்ந்தது. முள் நடுவில் நின்ற மாதிரி. என் வேலையில் எனக்கு அவ்வளவு நிறைவு வந்ததில்லை.

இவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். போட்டேன். கேட்டாள். முழுதும் கேட்டாள்.

"இது யாரு பாடுதது?" என்றாள்.

"நீதான்."

"நானா?"

"நீதான். பிசகையெல்லாம் எடுத்துட்டேன். இந்தா பாரு" என்று பழைய சிவப்புக் கோட்டையும் எடுத்துக் காட்டினேன். நாற்பத்தொரு இடம் என்று எண்ணிக் காட்டினேன். அவளுக்கும் விளங்க வேண்டுமல்லவா? திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்பவுமேயா?" என்று கேட்டாள்.

"எப்பவுமேதான்."

"பெர்சிஸ் சின்னப் பிள்ளையா இருக்கும்போதுமா?"

"அப்பவும் இப்படித்தான் இருந்திருக்கும். சர்ச்சுலயும் இப்படித்தான் இருந்திருக்கும். அப்ப அளக்கதுக்குக் கருவி இல்ல, அதனால ஒருத்தருக்கும் தெரியல" என்றேன்.

உள்ளதைத்தானே சொல்ல முடியும்? அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டால் எனக்குத் தெரியும், பாத்திரம் சத்தம் போடும். "சாப்பிட வாங்க" என்றாள். அன்றைக்குச் சாளை மீன் குழம்பு. நன்றாகவே இருந்தது.

நான் அன்றே பாட்டை மஸ்கட்டுக்கு அனுப்பினேன். கணினியில் இடம் போதவில்லை. பழைய கணினி. திருத்தாத பதிவு பெரிய கோப்பாக இருந்தது. திருத்தினது இருக்கும்போது திருத்தாததை வைத்து என்ன செய்வது? அழித்தேன். குப்பைக் கூடை என்று ஒன்று இருக்கிறதே, அதையும் காலி செய்தேன். செய்வதை ஒழுங்காகச் செய்வோம் என்று.

மறுநாள் காலையில் தண்ணீர் பிடிக்கும்போது பாட்டு வரவில்லை. சளி என்று நினைத்தேன். மிளகு தட்டிப் போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தேன். குடித்தாள். அடுத்த நாளும் இல்லை. சித்தரத்தை வாங்கி வந்தேன். மென்றாள். வீட்டில் குழாய்ச் சத்தம் கேட்கிறது, அம்மிச் சத்தம் கேட்கிறது, அவள் சத்தம் மட்டும் இல்லை. பேசுகிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். பாட்டுத்தான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆண்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன். பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருக்கிறாள், வாய் அசைகிறது. வெளியே வந்ததும் அவளுக்குப் பக்கத்தில் நிற்கிற ஞானத்தாய் என்னைப் பிடித்துக்கொண்டாள். "என்ன அண்ணாச்சி, மைனிக்குத் தொண்ட கட்டிட்டா? வாய் மட்டும் அசையுது, சத்தத்தக் காணோமே" என்றாள். ஆமாம், தொண்டைதான் என்றேன்.

அதற்குள் மஸ்கட்டிலிருந்து ஃபோன்.

"அப்பா, இது அம்மாவா?"

"அம்மாதான்."

"பிள்ளை முழிச்சு முழிச்சுப் பாக்கு. தூங்க மாட்டேங்கு. எனக்கே என்னமோ மாதிரி இருக்கு. அப்பா, அந்தக் 'கண்ணசரட்டும்'ல அம்மா குரல் ஒரு மாதிரி கீழ சரியும்லா? அது சரிஞ்ச உடனே எனக்குத் தூக்கம் வந்துரும். அத எங்க?"

"அது பிசகும்மா. எடுத்துட்டேன்."

லைன் போய்விட்டது என்று நினைத்து அலோ அலோ என்றேன். லைன் இருந்தது. "பழைய பதிவையே அனுப்புங்க அப்பா" என்றாள்.

"பழையது இல்ல."

"அப்ப அம்மாகிட்டக் குடுங்க. இப்பப் பாடச் சொல்லுங்க."

கொடுத்தேன். இவள் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, "அம்மைக்கு இப்ப முடியலம்மா, பிறகு பாடுதேன்" என்றாள். பிறகு பாடவில்லை. நான் அவளிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "நீ எப்படி வேணாலும் பாடு. பிசகு வந்தா வரட்டும். நான் உக்காந்து சரிபண்ணிக்கிடுதேன்" என்றேன். இதைவிட ஒரு மனிதன் என்ன சொல்ல முடியும்? "வேண்டாம்" என்றாள்.

சரி, கெடுத்தவன் நானில்லை, அந்த இலவசக் கருவிதான், அதை வைத்தே திருப்பிக் கொண்டுவருவோம் என்று உட்கார்ந்தேன். நாற்பத்தொரு இடமும் எனக்கு மனப்பாடம். எங்கே, எவ்வளவு விலகியது என்று கண்ணை மூடினாலும் தெரியும். ஒவ்வொரு இடத்திலும் கோட்டை மறுபடி கீழே இழுத்தேன். 'கண்ணசரட்டும்' இடத்தில் சரியாக அதே அளவு சரித்து, அதே நேரம் கிடக்க வைத்து, மேலே கொண்டுவந்தேன். கோட்டைப் பார்த்தால் அச்சு அசல். அனுப்பினேன்.

பெர்சிஸ் கேட்டுவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "அப்பா, யாரோ அம்மா மாதிரிப் பாடிக் காட்டுத மாதிரி இருக்கு" என்றாள். அழுதாள் தம்பி. தூர தேசத்தில், கைப்பிள்ளையோடு, அழுதாள்.

இப்போது உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன். திருத்தினதைத் திரும்பப் பழையபடி ஆக்குவதற்கு ஏதாவது பிளகின் இருக்கிறதா? இலவசமாகத்தான் வேண்டும் என்றில்லை. காசு கட்டியும் வாங்குவேன். பெயரை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள்.

இல்லையா?

அசல் பதிவு இருந்தால்தானா? அதுதான் சொன்னேனே.

நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். எத்தனையோ இருக்கிறது, உங்களுக்குத் தெரியாமல் ஒன்று இருக்கலாம். எடுக்கிறதற்குக் கருவி செய்தவன், எடுத்ததை வைக்கிறதற்கும் ஒன்று செய்யாமலா இருப்பான்?

சரி. விடுங்கள்.

இன்றைக்குப் பாளையங்கோட்டையில் தொண்டை டாக்டரிடம்தான் போய் வருகிறோம். சின்ன வயதுப் பெண். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தது, டிவியில் எனக்கும் காட்டியது. எல்லாம் ரோஜாப்பூ நிறத்தில் நன்றாகத்தான் இருந்தது. 'ஆ' சொல்லச் சொன்னது, சொன்னாள். 'ஈ' சொல்லச் சொன்னது, சொன்னாள். "எங்க, ஒரு பாட்டு ரெண்டு வரி பாடுங்கம்மா" என்றது.

அதற்கு இவள், "எனக்குப் பாட வராதும்மா" என்கிறாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொல்கிறவள் இல்லை அவள். நான் குறுக்கே, "இல்ல டாக்டர், பாடுவா" என்றேன். டாக்டர் என்னைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. "தொண்டையில ஒண்ணுமில்ல ஐயா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டது. ஒன்றுமில்லை என்றால் பிறகு எங்கேதான் இருக்கிறது கோளாறு? அதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை.

அடடா, அந்தக் குழந்தை வீறிடுகிறதே. தென்திருப்பேரை தாண்டினதும் ரோடு அப்படி. பாவம், அந்தப் பெண்ணால் சமாளிக்க முடியவில்லை. பாருங்கள், இவள் வாங்கிக்கொண்டாள். எந்தப் பிள்ளை அழுதாலும் வாங்கிவிடுவாள். தோளில் போட்டுக்கொண்டாள். முதுகில் தட்டுகிறாள்.

தம்பி.

அந்தத் தட்டைப் பாருங்கள். இரண்டு தட்டு, ஒரு இடைவெளி. இரண்டு தட்டு, ஒரு இடைவெளி. அது உப்புக்காத்துப் பாட்டின் தட்டு. இந்த இடத்திலிருந்து முகம் தெரியவில்லை. சர்ச்சில் மாதிரி வாய் மட்டும்தான் அசைகிறதா? எனக்கு இன்ஜின் சத்தம்தான் கேட்கிறது. உங்களுக்குச் சின்ன வயதுக் காது. கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

என்ன, தலையை ஆட்டுகிறீர்கள்? கேட்கிறதா? குரல் கேட்கிறதா?

இருங்கள். பையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் போய்விட்டு வந்துவிடுகிறேன்.

...

ஒன்றுமில்லை. பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்து பார்த்தாள். "என்ன?" என்றாள். தண்ணீர் பாட்டில் என்றேன். எடுத்துக் கொடுத்தாள். குழந்தையைத் தட்டிக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் வாயை மூடிவிட்டாள். நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். மூடினது மூடினதுதான்.

குழந்தை பாதித் தூக்கத்தில் இருந்தது. தாய்க்காரி என்னைப் பார்த்து, "சத்தம் போடாதீங்க தாத்தா, இப்பத்தான் கண்ணசருது" என்றாள். நான் எங்கே சத்தம் போட்டேன்?

சரி, குரும்பூர் வந்துவிட்டது. நாங்கள் எழுந்திருக்க வேண்டும். அவள் பிள்ளையைக் கொடுத்துவிட்டுக் கூடையை எடுக்கிறாள், இந்தப் பக்கம்தான் வருவாள். வருவதற்குள் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். உங்கள் காதில் விழுந்தது என்றீர்களே. அந்தக் 'கண்ணசரட்டும்' என்கிற இடம் வந்ததா? வந்ததா?

அங்கே அவள் குரல் கொஞ்சம் சரிந்ததா தம்பி?